வாசிப்புக்கு ஒரு வேளை, ஓர் இடம்

திருகோணமலையில் நாற்பது வயதைக் கடந்த எவரிடமாவது புத்தகங்களைப் பற்றிப் பேச்செடுத்தால், பேச்சு பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது: "முந்தி நிறைய வாசிச்சனான், இப்ப நேரமில்லை." இதைச் சொல்பவர்கள் சாக்குச் சொல்லவில்லை என்றே நான் நம்புகிறேன். ஆனால் அந்த முந்தைய நாட்களில் வாசிக்க நேரம் எங்கிருந்து கிடைத்தது என்று சற்றுத் துருவிக் கேட்டால், அவர்களுள் எவரும் அன்றும் வாசிப்புக்கென்று நேரம் ஒதுக்கி வைத்திருக்கவில்லை என்பது தெரியவரும். வேறு எதற்காகவோ காத்திருந்த நேரத்தில்தான் அவர்கள் வாசித்தார்கள். வாசிப்புப் பழக்கத்தை மீண்டும் உண்டாக்க விரும்புகிறவர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இதுவே என்பது என் எண்ணம்.

கிண்ணியாவுக்குப் பாலம் இல்லாத காலத்தை எடுத்துக்கொள்வோம். நகரத்திலிருந்து கிண்ணியாவுக்குப் போகிறவர்கள் கரையில் நின்று, 'பாதை' எனப்படும் மிதவை ஓடத்துக்குக் காத்திருக்க வேண்டும். வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு அது அக்கரைக்குப் போய்த் திரும்பும்வரை செய்வதற்கு வேறு வேலை இல்லை. மூதூருக்கு லோஞ்சில் போகிறவர்கள் கொட்டியாரக் குடாவைக் கடக்கும்வரை உட்கார்ந்தே இருக்க வேண்டும். கடலைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அது புதிதல்ல என்பதால், கையில் ஒரு வாரப் பத்திரிகையோ மடித்த நாவலோ இருப்பது இயல்பாக இருந்தது. கொழும்புக்குப் போகும் இரவு ரயிலும் அப்படித்தான். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அதன் பின் மூதூர் வழியிலிருந்த ஏனைய ஓடத்துறைகளுக்கும் பாலங்கள் வந்தன. பிரசவ வலியோடு ஒரு பெண்ணை அக்கரையிலிருந்து வைத்தியசாலைக்குக் கொண்டுவர வேண்டியிருந்த எந்தக் குடும்பமும் பழைய பாதையை நினைத்து ஏங்காது, நானும் ஏங்கவில்லை. ஆயினும் அந்தக் காத்திருப்போடு சேர்ந்து, அதற்குள் குடியிருந்த வாசிப்பும் போய்விட்டது என்பது உண்மை. காத்திருப்பு மீந்த இடங்களான வங்கி வரிசையையும் வைத்தியசாலை வாங்கையும் பஸ் தரிப்பிடத்தையும் கைத்தொலைபேசி எடுத்துக்கொண்டது.

இதே கதையை வாசிகசாலைகளும் சொல்லும். வடக்கிலும் கிழக்கிலும் ஏறக்குறைய ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு வாசிகசாலையோ சனசமூக நிலையமோ இருந்தது. பல இடங்களில் அது ஒரு சிறிய மண்டபம், ஒரு நீண்ட மேசை, இரண்டு வாங்குகள், அன்றைய பத்திரிகைகள் என்பதற்கு மேல் இல்லை. 1930இல் தொடங்கிய வீரகேசரியும் 1932இல் தொடங்கிய தினகரனும் வீட்டுக்கு வீடு வாங்கப்பட்டதைவிட இப்படிப்பட்ட மேசைகளில் விரிந்து கிடந்து வாசிக்கப்பட்டதே அதிகம் என்று துணிந்து சொல்லலாம். ஒருவர் உரக்க வாசிக்க நால்வர் கேட்பார்கள். கேட்டவர்களுள் எழுத்தறியாதவரும் இருப்பார். அதற்கும் முந்திய வடிவம் கோயிலில் இருந்தது. புராண படனத்தில் ஒருவர் செய்யுளை இசையோடு படிக்க, இன்னொருவர் அதற்குப் பயன், அதாவது பொருள் விளக்கம், சொல்வார். குறித்த நாள், குறித்த நேரம், குறித்த மண்டபம்: அங்கு வந்து அமர்ந்த எவரும் தம்மை வாசகர் என்று நினைத்திருக்கமாட்டார். ஆனால் எழுத்துத் தமிழின் நீண்ட வாக்கியங்களுக்குக் காது பழகிக்கொண்டே இருந்தது.

பழக்கம் என்பது எப்படி உண்டாகிறது என்று ஆராய்ந்தவர்கள் கண்டதும் இதனோடு பொருந்துகிறது. ஒரு செயல் பழக்கமாவதற்கு அதைச் செய்யும் உறுதி மட்டும் போதாது. ஒரே சூழலில், ஒரே குறிப்பைத் தொடர்ந்து, அது திரும்பத் திரும்ப நிகழ வேண்டும். அப்போதுதான் அந்தக் குறிப்பைக் கண்டவுடன் யோசனையின்றி உடல் அந்தச் செயலுக்குப் போகத் தொடங்குகிறது. எனது அம்மம்மாவுக்குக் கண் மங்கிய பிறகு பத்திரிகை வாசித்துக் காட்டும் பொறுப்பு எனக்கு வந்தது. பகற்சோற்றுக்குப் பின் அவர் வெற்றிலைத் தட்டைத் தம் பக்கம் இழுத்தால் நான் பத்திரிகையை எடுக்க வேண்டும். முதலில் மரண அறிவித்தல்கள், பிறகு ஊர்ச் செய்திகள், பிறகு தொடர்கதை. ஒரு நாளும் "இன்றைக்கு வாசிப்போமா" என்று அவர் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. பல ஆண்டுகள் கழித்து இந்த ஆய்வுகளைப் பற்றிப் படித்தபோதுதான் அந்த வெற்றிலைத் தட்டு செய்த வேலை எனக்கு விளங்கியது.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடயத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. 96 பேர் தமக்கு விருப்பமான ஒரு சிறு செயலைத் தெரிந்தெடுத்து, அதனை நாளாந்தம் நிகழும் ஏதாவது ஒன்றோடு இணைத்து, 12 வாரங்கள் செய்துவந்தார்கள். செயல் பழகிப்போவதற்கு எடுத்த காலத்தின் நடுமதிப்பு 66 நாட்கள். ஆனால் ஆளுக்கு ஆள் அது 18 நாட்கள் முதல் 254 நாட்கள் வரை வேறுபடும் என்று அவர்கள் கணித்தார்கள். இருபத்தொரு நாளில் எந்தப் பழக்கமும் வந்துவிடும் என்று மேடைகளில் சொல்லப்படுவதற்கு இந்த ஆய்வில் ஆதாரமில்லை. ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும்: அவர்கள் தெரிந்தெடுத்தவை பழம் உண்ணுதல், தண்ணீர் குடித்தல், சிறிது உடற்பயிற்சி செய்தல் போன்றவை. புத்தகம் வாசிப்பது அவற்றைவிடச் சிக்கலான செயல் என்பதால், அதற்கு இன்னும் பொறுமை வேண்டும் என்று கொள்வதே தகும். அந்த ஆய்விலிருந்து நான் மிகவும் பெறுமதியாகக் கருதுவது வேறொரு முடிவு. இடையில் ஒரு நாள் தவறிப்போனால் அதுவரை சேர்ந்த பழக்கம் குறிப்பிடத்தக்க அளவில் குலைந்துவிடவில்லை. நேர்த்தி முறிந்துவிட்டது என்று நினைத்து முழுவதையும் கைவிடுகிறவர்களே நம்மில் அதிகம்; அப்படிக் கைவிடத் தேவையில்லை.

உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களில் வளர்த்தெடுத்த கருத்தும் இதற்கு உதவும். "இனி நிறைய வாசிப்பேன்" என்ற தீர்மானத்தைவிட, "இது நடந்தவுடன் இதைச் செய்வேன்" என்ற வடிவிலுள்ள தீர்மானம் நிறைவேறும் வாய்ப்பு அதிகம் என்று அவரது ஆய்வுகள் காட்டின. இதை நம் நாளுக்குள் வைத்துப் பார்க்கலாம். காலையில் பிள்ளையைப் பாடசாலை வாசலில் இறக்கிவிட்டு அலுவலகம் திறக்கும்வரை இருக்கும் இருபது நிமிடம். பிள்ளை ரியூசன் வகுப்பில் இருக்கும்போது வெளியே மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நிற்கும் ஒரு மணித்தியாலம். இரவுச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பின் வரும் அமைதி. இவற்றுள் ரியூசன் வாசல் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. நகரத்தின் ஒழுங்கைகளில் பின்னேரங்களில் பெற்றோர் வரிசையாக நின்று தொலைபேசித் திரையைத் தள்ளிக்கொண்டிருப்பதைக் காண்கிறோம். பாதைக்குக் காத்திருந்த அந்தப் பழைய நேரம் முற்றாக அழியவில்லை. இங்கேதான் வந்து சேர்ந்திருக்கிறது.

நிறுத்தி வைத்த வாசிப்பை மீண்டும் தொடங்குகிறவர் சந்திக்கும் முதல் தடை நேரமல்ல, களைப்பு. ஐந்தாறு பக்கம் போவதற்குள் கண் வரியிலிருந்து வழுக்குகிறது; வாசித்த பந்தியை மீண்டும் வாசிக்க வேண்டியிருக்கிறது. "எனக்கு இனி வராது" என்று பலர் ஒதுங்குவது இந்த இடத்தில்தான். இதற்கு வயதையோ அறிவையோ குறைசொல்லத் தேவையில்லை. தமிழின் இயல்பே ஒரு பகுதிக் காரணம். நாம் பேசும் தமிழும் எழுதும் தமிழும் வேறு வேறு. வீட்டில் "நான் வாறன்", "அவை போயிட்டினம்" என்று பேசுகிறவர் நூலில் "நான் வருகிறேன்", "அவர்கள் போய்விட்டார்கள்" என்று வாசிக்கிறார். சொல் ஒவ்வொன்றும் தெரிந்ததாக இருந்தும், அந்த மொழியில் அவர் நாள் முழுவதும் எவரோடும் பேசுவதில்லை. அதோடு, தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில்தான் வருகிறது. எச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வரும்போது, யார் என்ன செய்தார் என்பது முடிவில் விளங்கும்வரை முழுவதையும் மனத்தில் தாங்கிக்கொண்டு போக வேண்டும். இது பயிற்சியால் வருவது; பயிற்சி நின்றால் தளர்வது; மீண்டும் பயின்றால் திரும்புவது. வட்ஸ்அப்பில் நாம் நாள்தோறும் எழுதுவதும் வாசிப்பதும் பேச்சுத் தமிழிலோ ஆங்கில எழுத்தில் எழுதப்பட்ட தமிழிலோ இருப்பதால், அந்த வாசிப்பு எவ்வளவு மிகுந்தாலும் இந்தத் தசைக்கு வேலை கொடுப்பதில்லை.

இதனால்தான் மீண்டும் தொடங்குகிறவர் கனமான நூலோடு தொடங்கக்கூடாது என்று வற்புறுத்துகிறேன். பதினாறு வயதில் இராப்பகலாக வாசித்த அதே மர்ம நாவலையோ சரித்திரக் கதையையோ மீண்டும் எடுப்பது நல்லது. கதை ஏற்கெனவே தெரியும் என்பதால் மனம் மொழியை மட்டும் தாங்கினால் போதும். அடுத்ததாகச் சிறுகதைகள், ஓர் அமர்வில் முடிவதால் முடித்த நிறைவு அன்றைக்கே கிடைக்கிறது. தெரிந்த நிலம் வரும் கதைகளுக்குத் தனிப் பயன் உண்டு. மூதூரைச் சேர்ந்த வ. அ. இராசரத்தினத்தின் கதைகளைத் திருகோணமலை வாசகர் ஒருவர் எடுத்தால், அங்கு வரும் கடலையும் தோணியையும் வயலையும் கற்பனை செய்ய வேண்டியதில்லை. வீட்டு வாசலில் நின்றால் போதும். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று கருதப்படும், 1895இல் வெளிவந்த 'மோகனாங்கி'யை எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளையும் இந்த ஊரவர்தான் என்பதை நம் பாடசாலைப் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவார்கள்? அந்நூலின் நடை இன்றைய தொடக்க வாசகருக்குக் கடினம். ஓராண்டு வாசித்த பிறகு அதற்குப் போகலாம். ஆனால் வாசிப்பும் எழுத்தும் வேறெங்கோ நடக்கும் காரியங்கள் என்ற எண்ணத்தை அந்த ஒரு தகவலே அசைத்துவிடும்.

எவ்வளவு வாசிப்பது என்பதிலும் ஒரு தெளிவு வேண்டும். ஆங்கில வழிகாட்டிகளில் நிமிடத்துக்கு இத்தனை சொற்கள் என்று வரும் கணக்குகள் தமிழுக்குப் பொருந்தா. நம் சொற்கள் உருபும் எச்சமும் ஏறி நீண்டவை. பக்கக் கணக்கே நேரானது. நாளுக்கு ஏழு பக்கம் என்று வைத்து, நோயும் திருவிழாவும் பிரயாணமும் கொண்டுபோகும் 60 நாட்களைக் கழித்துவிட்டாலும், மீதி 305 நாட்களில் 2,135 பக்கங்கள் ஆகின்றன. இருநூறு பக்க நூல்கள் பத்து. இந்தக் கணக்கை நான் சொன்னபோது நம்பாத நண்பர் ஒருவர், பின்பு தாமே காகிதத்தில் பெருக்கிப் பார்த்தார்.

இனி நூல் எங்கிருந்து வருவது என்ற கேள்வி. மக்கள் வாசிப்பதும் வாசிக்காமல் விடுவதும் மனத்தை மட்டும் பொறுத்ததல்ல, கைக்கு எட்டுவது எது என்பதையும் பொறுத்தது என்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1970களின் தொடக்கத்தில் அன்றைய அரசாங்கம் இந்திய சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, அவற்றின் தொடர்கதைகளில் ஊறியிருந்த ஈழத்து வாசகர்களின் கை வெறுமையாயிற்று. அந்த வெற்றிடத்தில்தான் வீரகேசரிப் பிரசுரங்கள் உள்ளூர் எழுத்தாளர்களின் நாவல்களை மலிவு விலையில் ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டு, பத்திரிகை போகும் ஊர்களுக்கெல்லாம் கொண்டுசேர்த்தது. வாசகரின் பழக்கம் அப்படியே இருந்தது. கைக்கு வந்த நூல் மாறியது. பிறகு வந்த போர்க்காலம் பழக்கத்தின் இருப்பிடத்தையே தாக்கியது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்ததை உலகம் அறியும். இடம்பெயர்ந்த ஒவ்வொரு வீட்டிலும் விட்டுவரப்பட்ட அலுமாரிகளுக்குக் கணக்கில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறியபோது கரையோர வீடுகளில் எஞ்சியிருந்தவையும் போயின. இரண்டு தடவை புத்தகங்களை இழந்த ஒருவர் மூன்றாவது தடவை அலுமாரி வாங்கத் தயங்குவதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

2022இன் பொருளாதார நெருக்கடி இன்னொரு அடி. காகிதத் தட்டுப்பாட்டால் பாடசாலைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. ரூபாயின் பெறுமதி வீழ்ந்ததால் தமிழகத்திலிருந்து வரும் நூல்களின் விலை கூலி வேலை செய்யும் குடும்பம் நினைத்துப் பார்க்க முடியாத உயரத்துக்குப் போனது. இந்நிலையில் நகரத்துப் பொது நூலகத்தையும் பிரதேச சபை நூலகங்களையும் நாம் புதிய கண்ணோடு பார்க்க வேண்டும். இரவல் நூலில் ஒரு மறைந்த உதவி இருக்கிறது. நம் பொது நூலகங்கள் பெரும்பாலும் இரண்டு வாரத் தவணைக்கே நூல் தருகின்றன. பின்னட்டைக்கு உள்ளே ஒட்டிய தாளில் விழும் திகதி முத்திரை, வீட்டில் சொந்தமாகக் கிடக்கும் நூலுக்கு இல்லாத ஒரு நெருக்குதலைத் தருகிறது. விலை கொடுத்து வாங்கிய நூல் பத்து வருடம் காத்திருக்கும். இரவல் நூல் காத்திருக்காது. சீர்காழியில் பிறந்து இந்திய நூலகவியலுக்கு அடித்தளமிட்ட எஸ். ஆர். இரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளுள் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே உரியவை என்பது. நூலைக் கண்ணாடிக்குப் பின்னால் பூட்டி வைத்திருக்கும் பாடசாலை நூலகங்கள் அந்த விதியைச் சுவரில் எழுதி வைத்தால் நல்லது.

இணையத்தில், 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் இலங்கைத் தமிழ் நூல்களையும் பழைய சஞ்சிகைகளையும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. கடையில் என்றும் கிடைக்காதவற்றை அங்கே காணலாம். ஆனால் பழக்கத்தை உண்டாக்கும் முதல் மாதங்களில் தொலைபேசியில் வாசிப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். வாசிப்பின் பலன் மெல்ல வருவது. ஐம்பதாம் பக்கத்தில்தான் பாத்திரங்கள் நம் வீட்டு மனிதராகிறார்கள். அதே திரையில் ஒரு விரலசைவு தூரத்தில் உடனடிப் பலன் தரும் நூறு விடயங்கள் காத்திருக்கும்போது, இளம் பழக்கம் தோற்றுவிடும். வாசிக்கும் அந்த இருபது நிமிடத்துக்குத் தொலைபேசி வேறு அறையில் சார்ஜில் கிடக்கட்டும்.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கவலை மிகுகிறது. இலங்கையில் 1980 முதல் அரசு பாடநூல்களை இலவசமாகத் தருகிறது. இது பெரிய கொடை. ஆனால் அதே பாடசாலை வாழ்க்கையில், ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் தொடங்கி உயர்தரம் வரை, வாசிப்பு என்றால் பரீட்சைக்கு வாசிப்பது என்ற பொருள் பிள்ளையின் மனத்தில் இறுகிவிடுகிறது. "கதைப் புத்தகத்தை வைச்சிட்டுப் படி" என்ற அதட்டலைக் கேட்காத பிள்ளை நம்மிடையே அரிது. பரீட்சை முடிந்த மறுநாள் கொப்பிகளைக் கட்டி விற்றுவிட்டு வரும் இளைஞர், வாசிப்பிலிருந்தே விடுதலை பெற்றதாக உணர்வதில் வியப்பில்லை. ஒக்டோபரைத் தேசிய வாசிப்பு மாதமாகக் கொண்டாடுகிறோம். போட்டி வைக்கிறோம், சான்றிதழ் கொடுக்கிறோம். அவற்றைவிட, பாடவேளையில் இருபது நிமிடம் ஆசிரியரும் மாணவரும் தத்தமக்குப் பிடித்த நூலை மௌனமாக வாசிக்கவும், அதைப் பற்றி எந்தக் கேள்வியும் கேட்கப்படாதிருக்கவும் ஒழுங்கு செய்தால் அதிகப் பலன் இருக்கும் என்பது என் உறுதியான நம்பிக்கை. சிறு பிள்ளைகளுக்கு வீட்டில் உரக்க வாசித்துக் காட்டுவது இன்னும் மேலானது. எழுத்துத் தமிழை அவர்கள் பரீட்சைத் தாளில் முதன்முதலாகச் சந்திக்காமல், தாயின் குரலில் சந்திப்பார்கள்.

தொடங்குவதற்கு ஏற்ற பருவம் என்று ஒன்று உண்டென்றால், இந்த ஊருக்கு அது மாரிதான். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பகலில் வெக்கை உடலைச் சாய்த்துவிடும். புத்தகத்தை நெஞ்சில் கவிழ்த்து உறங்கிப்போவோம். ஒக்டோபர் கடைசியில் வாடை திரும்பி மழை இறங்கும்போது, கடற்கரையில் மாலை நடை குறைந்து, வீட்டுக்குள் இருக்கும் நேரம் தானாகவே நீள்கிறது. அப்போது தொடங்கி வாரங்கள் ஒன்பது பத்து கடந்துவிட்டால், லாலி குறித்த அறுபத்தாறு நாட்கள் ஆங்கிலப் புத்தாண்டை ஒட்டி நிறைந்துவிடும்.

கடைசியாக ஒரு நடைமுறைக் குறிப்பு. வாசிப்பு நின்றுபோவது பெரும்பாலும் ஒரு நூலின் நடுவில் நிகழ்வதில்லை. ஒன்றை முடித்து அடுத்ததை எடுக்காத அந்த இடைவெளியில் நிகழ்கிறது. பிடித்த நூல் முடிந்த நிறைவில் இரண்டு நாள், அடுத்தது எது என்ற யோசனையில் ஒரு வாரம், அதற்குள் அந்த வேளையை வேறேதோ பிடித்துக்கொள்ளும். ஆகவே கையிலுள்ள நூலில் இருபது முப்பது பக்கங்கள் மீதமிருக்கும்போதே அடுத்த நூலை நூலகத்திலிருந்து எடுத்து, வழமையாக உட்காரும் கதிரைக்குப் பக்கத்தில் வைத்துவிட வேண்டும். இரண்டு இரவல் அட்டைகள் வைத்திருப்பவருக்கு இது எளிது. ஒரே அட்டை உள்ளவர், மீதிப் பக்கங்களை நூலகத்து மேசையிலேயே உட்கார்ந்து முடித்து, திருப்பிக் கொடுக்கும் அதே கையால் அடுத்ததை எடுத்துக்கொண்டு வரலாம்.